சொந்தமா புத்தகம் போட்டவன் திட்டு வாங்குவது எப்படி?

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. ஆணி அதிகமா இருக்கிறவங்க ஞாயித்துக்கிழமை வந்து படிச்சுக்கலாம். சொந்தக் காசுல புத்தகம் போடுற ஐடியா இருக்கிறவங்க மட்டும் இப்பவே படிச்சிடுங்க. உங்களுக்குத்தான் இது.

போன வருஷம் நான் ஒரு சிறுகதைத் தொகுப்பு போட்டேன்னு இங்க ஏற்கனவே தம்பட்டம் அடிச்சிருக்கேன். பதினோரு கதை, 144 பக்கம், நூறு காப்பி. ரெண்டு பதிப்பகத்துக்கு அனுப்பி, ஆறு மாசம் காத்திருந்து, பதிலே வராம, கடைசியில நானே பதிப்பாளர் ஆயிட்டேன். இப்பல்லாம் அது பெரிய விஷயம் இல்ல. வேணுங்கிற அளவுக்கு மட்டும் அச்சடிச்சுத் தர ஆள் இருக்காங்க. கிண்டில்ல 2016 கடைசியிலயே தமிழ் வந்தாச்சு. கையில கொஞ்சம் காசும் நிறைய தைரியமும் இருந்தா நீங்களும் எழுத்தாளர்தான்.

புத்தகம் போடுறது வரைக்கும் யாராவது ஏதாவது எழுதி வெச்சிருக்காங்க. ஃபான்ட் என்ன, பேப்பர் என்ன, ஐஎஸ்பிஎன் எப்படி வாங்குறதுன்னு எல்லாம் கிடைக்குது. போட்டதுக்கு அப்புறம் நாலு பேர் நாலு சொல்வாங்களே, அதை எப்படி வாங்கிக்கிறதுன்னு யாரும் சொல்லித் தரல. நான் தப்பா வாங்கி, ஒரு நல்ல வாசகரை இழந்தேன். அந்தக் கதைதான் இது.

முதல்ல யோசனைகள். பொதி பிரிச்ச அன்னிக்கே வர ஆரம்பிச்சிடுச்சு.

ஆபீஸ்ல டீம் லீடர்: "புக்கு எல்லாம் யார் பாஸ் படிக்கிறா? இதையே ரீல்ஸா போட்டுருக்கலாமே."

ஆவடி பெரியப்பா: "பேர்ல இன்னொரு எழுத்து சேர்த்துக்கோடா. எண் கணிதப்படி எட்டு வருது, எடுபடாது."

காலேஜ் நண்பன்: "கடைசி கதையில ரெண்டு பேரையும் சேர்த்து வெச்சிருக்கலாம் மச்சி. மனசு கஷ்டமா போச்சு."

ஒருத்தர், "சென்னை பாஷை ஜாஸ்தி, கொறைங்க." இன்னொருத்தர், "அம்பத்தூர்காரன் எழுதுற மாதிரியே இல்ல, இன்னும் லோக்கலா எறங்கி அடிங்க." ரெண்டும் ஒரே நாள், ஒரே கதைக்கு.

தங்கமணி: "பின் அட்டை போட்டோவுக்கு வேற சட்டையே கிடைக்கலையா?" (இது ஒண்ணு மட்டும் நூறு சதவீதம் நியாயம்.)

நான் என்ன பண்ணேன் தெரியுமா? எல்லாத்தையும் கேட்டேன். கிண்டில் ஃபைல் கையில இருக்கே, எப்ப வேணா மாத்தலாமே! நண்பனுக்காக கடைசி கதையோட முடிவை மாத்தினேன். இன்னொருத்தர் "பழைய முடிவுதான் அழுத்தமா இருந்துச்சு"ன்னார். திருப்பி மாத்தினேன். நடுவுல ஒரு மூணாவது முடிவும் வந்து போச்சு. கடைசியில பூந்தமல்லி போக வேண்டிய கதை ஆவடி பஸ்ஸுல ஏறி உக்காந்திருந்தது. நான் எதுக்கு அந்தக் கதையை எழுத ஆரம்பிச்சேன்னே எனக்கு மறந்து போச்சு.

இதெல்லாம் காமெடி. இனிமே சொல்லப் போறது காமெடி இல்ல.

புத்தகம் வந்து ஒரு மாசம் கழிச்சு ஒரு மெயில் வந்தது. பூந்தமல்லி பக்கம் இருக்கிற ஓய்வு பெற்ற தமிழாசிரியர். எனக்கு முன்ன பின்ன பழக்கம் இல்ல, யார் கையிலயோ இருந்து வாங்கிப் படிச்சிருக்கார். மூணு பக்கம் எழுதியிருந்தார். பக்க எண் போட்டு, வரி எண் போட்டு. ஒற்றுப்பிழை மட்டும் எழுபதுக்கு மேல. ஒரு கதையில 38ஆம் பக்கத்துல செத்துப் போன புருஷன் 41ஆம் பக்கத்துல போன் பண்றான்னு கண்டுபிடிச்சிருந்தார். ரெண்டு கதைக்கு முதல் பத்தி தேவையே இல்லைன்னார். கடைசியா ஒண்ணு சொல்லியிருந்தார்: உங்க கதையில ஆண்கள் எல்லாம் யோசிக்கிறாங்க, பெண்கள் எல்லாம் அழறாங்க, கவனிச்சீங்களா?

படிச்சதும் எனக்குக் காது மடல் எல்லாம் சூடாயிடுச்சு. ராத்திரி பதினொரு மணிக்கு உக்காந்தேன். ரெண்டு மணிக்கு எழுந்தேன். அவர் மூணு பக்கம்னா நான் அஞ்சு பக்கம். ஒற்றுப்பிழைக்கு சாஃப்ட்வேர் மேல பழி. போன் பண்ற புருஷனுக்கு "அது அவ மனப்பிரமை"ன்னு ஒரு விளக்கம் (அவ்வ்வ்வ்வ்). அழற பெண்களைப் பத்தி மட்டும் அரைப் பக்கம். யதார்த்தம், சமூகம், கீழ்நடுத்தரக் குடும்பம்னு பெரிய பெரிய வார்த்தை எல்லாம் போட்டு அடிச்சுவிட்டேன்.

மறுநாள் பதில் வந்தது. ஒரே வரி. "சரிங்க தம்பி, வாழ்த்துகள்."

அவ்வளவுதான். அதுக்கப்புறம் அவர்கிட்டயிருந்து எதுவும் வரல. நான் வாதத்துல ஜெயிச்சுட்டேன். நூறு காப்பில வரி எண் போட்டுப் படிச்ச ஒரே மனுஷனைத் தொலைச்சுட்டேன்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்துறேன். அப்பா முப்பது வருஷம் அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு சின்ன கம்பெனியில இன்ஸ்பெக்‌ஷன்ல இருந்தார். ஷாஃப்ட், புஷ், இந்த மாதிரி உருப்படிகள். இன்னிக்கு நான் பொட்டி தட்டப் போற ஐடி பார்க்கும் அதே எஸ்டேட்லதான் இருக்கு. அவர் சைக்கிள்ல போன ரோட்டுல நான் பைக்ல போறேன். இந்த மெயில் விவகாரத்தை ஒரு நாள் அவர்கிட்ட புலம்பினேன். அப்பாவுக்கு கதை, இலக்கியம் எல்லாம் ஆகாது. ஆனா ரிஜெக்‌ஷன்னா என்னன்னு நல்லா தெரியும்.

"அந்த வாத்தியார் எந்த இடத்துல தப்புன்னு காட்டினாரா, இல்ல சும்மா சரியில்லைன்னாரா?"

"பக்கம், வரி எல்லாம் போட்டிருந்தார்ப்பா."

"அப்ப அவரு சாக்பீஸ்ல மார்க் பண்ணிக் குடுத்திருக்காருடா. அதுக்குப் போய் சண்டை போட்டியா?"

அப்பா வேலை பார்த்த இடத்துல, வெறுமனே "பீஸ் சரியில்ல"ன்னு சொன்னா இன்ஸ்பெக்டருக்குத்தான் திட்டு விழும். எந்த இடத்துல எவ்வளவு தள்ளியிருக்குன்னு அளந்து, அந்த இடத்துல சாக்பீஸால கோடு போட்டுத் தரணும். அப்புறம் மூணு தட்டு. சரியா இருக்கிறது ஒரு தட்டுல. ரீவொர்க் பண்ணா சரியாகும்ங்கிறது இன்னொண்ணுல. ஸ்க்ராப் மூணாவதுல.

அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் எனக்கு ரொம்ப உதவினது. "எங்க இடிக்குதுன்னு ஒருத்தன் சொன்னா காது குடுத்துக் கேளு. எப்படி சரி பண்ணணும்னும் அவனே சொன்னா, அது அவன் மெஷினுக்கு. உன் மெஷின்ல எப்படி ஓட்டணும்னு உனக்குத்தான் தெரியும்."

யோசிச்சுப் பார்த்தா யோசனைக்கும் விமர்சனத்துக்கும் நடுவுல இருக்கிற கோடே இதுதான். யோசனை சொல்றவர் பெரும்பாலும் அவர் எழுதியிருக்க வேண்டிய புத்தகத்தைப் பத்திப் பேசறார். நல்ல விமர்சகர் நாம எழுதின புத்தகத்துல ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டறார். கடைசி கதையோட முடிவுக்கு மூணு பேர் மூணு தீர்வு சொன்னாங்களே, அந்தத் தீர்வு மூணுமே எனக்கு ஆகாது. ஆனா மூணு பேரும் அதே இடத்துலதான் தடுக்கி விழுந்தாங்க. அப்ப அந்த இடத்துல ஒரு பள்ளம் இருக்கு. பள்ளத்தை நான் ஒத்துக்கிட்டிருக்கணும், மண்ணு எங்கயிருந்து கொண்டு வர்றதுன்னு நானே முடிவு பண்ணியிருக்கணும். நான் பள்ளத்தை விட்டுட்டு மூணு லாரி மண்ணையும் வாங்கிக் கொட்டிக்கிட்டேன்.

இந்த நேரத்துலதான் உ.வே.சாமிநாதையரோட 'என் சரித்திரம்' படிச்சேன். 1940ல ஆனந்த விகடன்ல தொடரா வர ஆரம்பிச்சது. 'தமிழ்த் தாத்தா'ன்னு சொல்லிச் சொல்லி நமக்கு அந்தத் தலைப்பாகை தாத்தா உருவம்தான் மனசுல வருது. ஆனா சீவக சிந்தாமணி வேலையை ஆரம்பிச்சப்ப அவருக்கு வயசு இருபத்தஞ்சு. அச்சுப் போட்டு வெளிய வந்தப்ப முப்பத்திரண்டு. நம்ம செட்டுதாங்க!

ஆரம்பமே ஒரு விமர்சனம்தான். 1880ல கும்பகோணத்துக்கு முன்சீபா வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போறார். மீனாட்சிசுந்தரம் பிள்ளை மாதிரி ஒரு மகாவித்துவான்கிட்ட படிச்சவர், காலேஜ்ல தமிழ்ப் பண்டிதர். என்னென்ன படிச்சிருக்கீங்கன்னு முதலியார் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம்னு அடுக்கறார். முதலியார் அசரவே இல்ல. அதையெல்லாம் படிச்சு என்ன பிரயோசனம்ங்கிற மாதிரி கேட்டுட்டு, சிந்தாமணி படிச்சிருக்கீங்களான்னு கேட்கறார். படிச்சதில்ல. அந்த இடத்துல நானா இருந்தா வீட்டுக்கு வந்து அஞ்சு பக்கம் கடிதம் எழுதியிருப்பேன். அவர் கையெழுத்துப் பிரதியை வாங்கிப் பிரிச்சு உக்காந்துட்டார்.

பிரிச்சா, புரியல. அது சமணக் காப்பியம். இவர் சைவ மடத்துப் படிப்பு. கும்பகோணத்துல இருந்த ஜைனர்களைத் தேடிப் போய், அவங்க சமயச் சொற்களுக்கும் வழக்கங்களுக்கும் பொருள் கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டார். காலேஜ் ஆசிரியர் வீடு தேடிப் போய் மாணவனா உக்கார்றார். இதை நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

1887ல சிந்தாமணி புத்தகமா வந்தது. அதுக்குப் பின்னாடி பதிப்பகம்னு எதுவும் கிடையாது. முன்பணத்துக்குக் கையொப்பம் வாங்கி, விடுமுறையில மெட்ராஸ் வந்து, அச்சுக்கூடத்துல உக்காந்து தானே ப்ரூஃப் பார்த்துப் போட்ட புத்தகம். இன்னிக்கு நாம 'முன்பதிவுத் திட்டம்'னு ஸ்டைலா சொல்றோமே, அதேதான். வந்தப்புறம் பாராட்டும் வந்தது, கண்டனமும் வந்தது. பதிப்புல பிழைன்னு துண்டுப் பிரசுரம் எல்லாம் போட்டாங்க. அவருக்கு மனசு கொதிச்சிருக்கு. பதில் எழுதவும் எழுதியிருக்கார். ஆனா அதை வெளியிட விடாம அவர்மேல அக்கறை உள்ள ஒரு பெரியவர் தடுத்துட்டார். நீங்க பதில் சொன்னா அவங்க அதுக்கு ஒரு பதில் சொல்வாங்க, உங்க காலம் இதுலயே போயிடும்னு.

அந்தக் காலத்தை வெச்சு என்ன பண்ணார்? 1889ல பத்துப்பாட்டு. 1892ல சிலப்பதிகாரம். 1894ல புறநானூறு. 1898ல மணிமேகலை. சிந்தாமணிக்கு திருத்தங்களோட இரண்டாம் பதிப்பு 1907ல. இருபது வருஷம் கழிச்சு.

நமக்கு இருபது வருஷம் தேவையில்ல, கிண்டில்ல ரெண்டு நாள்ல புது ஃபைல் ஏறிடும். அதுவே ஒரு ஆபத்துன்னு நான் சொந்த அனுபவத்துல கத்துக்கிட்டேன். அச்சுக் கோத்த காலத்துல ஒரு திருத்தம் பண்ண நிறைய யோசிக்கணும். இப்ப யோசிக்காமலே பண்ணலாம்.

"பதிப்பாளர் கிடைக்காதவன்தான் சொந்தமா போடுவான்"னு ஒரு அறிவுரையும் எனக்குக் கிடைச்சது. அதுக்கு சி.சு.செல்லப்பாவை ஞாபகப்படுத்திக்குவேன். 1959ல 'எழுத்து' பத்திரிகை ஆரம்பிச்சு விமர்சனத்துக்குன்னு ஒரு மேடை போட்டவர். தாட்சண்யம் பார்க்காத விமர்சகர். அவரே தன் புத்தகங்களை அச்சுப் போட்டு, தோள்ல சுமந்து காலேஜ் காலேஜா போய் வித்தவர். 'சுதந்திர தாகம்' நாவலைக் கடைசிக் காலத்துல தானே வெளியிட்டார். 1998ல காலமானார். அந்த நாவலுக்கு 2001ல சாகித்ய அகாதெமி விருது. அடுத்தவர் எழுத்தை அளந்தவர், தன் எழுத்தையும் வாசகன் கையிலயே நேரா கொடுத்தார். நடுவுல தரகர் இல்லாம திட்டு வாங்கத் தெரிஞ்சவங்களுக்குத்தான் அது முடியும்.

இதுக்கு நேர் எதிரா இன்னொண்ணும் இருக்கு. விமர்சனம்ங்கிற பேர்ல வர்ற எல்லாமே விமர்சனம் இல்ல. பெருமாள்முருகனோட 'மாதொருபாகன்' 2010ல வந்தது. நாலு வருஷம் கழிச்சு 2014 டிசம்பர்ல திருச்செங்கோட்டுல எதிர்ப்பு வெடிச்சது. 2015 ஜனவரியில, எழுத்தாளர் பெருமாள்முருகன் செத்துட்டான்னு அவரே அறிவிக்கிற நிலைமை. 2016 ஜூலையில சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பு சொன்னப்புறம்தான் திரும்ப எழுத வந்தார். புத்தகத்தை எரிக்கிறவன் கையில சாக்பீஸ் இல்ல. அவன்கிட்ட பணிவும் வேண்டாம், திருத்தமும் வேண்டாம். அங்க வேண்டியது நண்பர்களும் சட்டமும். அதுலயும், பதிப்பகம்னு பின்னாடி ஒரு நிழல் இல்லாத நம்மள மாதிரி ஆளுங்க இதை முன்னாடியே யோசிச்சு வெச்சுக்கணும்.

சரி, அழற பெண்கள் விஷயத்துக்கு வர்றேன்.

என் தொகுப்புல ஒரு கதை, எங்க தெருவுல இருந்த ஒரு அக்காவை மனசுல வெச்சு எழுதினது. பேர், ஊர், வேலை எல்லாம் மாத்திட்டேன். இங்கயும் மாத்தித்தான் சொல்றேன். அவங்க வீட்டுக்காரர் ஒரு நாள் காலையில சொல்லாம கொள்ளாம போயிட்டார். நான் அப்ப பத்தாவது படிச்சிட்டிருந்தேன். என் கதையில அந்தப் பெண் தெருக்குழாயடியில குடத்தைப் போட்டுட்டு உக்காந்து அழறா. தண்ணி நிரம்பி வழியுது. அந்த வரிக்காகவே நாலு பேர் பாராட்டினாங்க.

போன பொங்கலுக்கு அந்த அக்கா வீட்டுக்கு வந்தாங்க. அம்மா பெருமையா புத்தகத்தை எடுத்துக் குடுத்துட்டாங்க. ரெண்டு வாரம் கழிச்சு என்னைப் பார்த்தப்ப சொன்னாங்க:

"நல்லா எழுதியிருக்க தம்பி. ஆனா நான் அன்னிக்கு அழல. ஷிப்டுக்கு நேரமாச்சுன்னு வேலைக்குப் போயிட்டேன்."

நான் ஙேன்னு நின்னேன். அவங்க கோவமா எல்லாம் இல்ல. போறப்ப திரும்பி, "கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே"ன்னாங்க.

தமிழாசிரியர் அந்த இடத்துலதான் கோடு போட்டிருந்தார். நான் அரைப் பக்கம் யதார்த்தம் பேசி அந்தக் கோட்டை அழிச்சேன். யதார்த்தம் எங்க வீட்டுல இருந்து நாலு வீடு தள்ளி இருந்தது, நான் போய்க் கேட்கல. சாமிநாதையர் அறிமுகமே இல்லாத வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டார். நான் சின்ன வயசுல முறுக்கு வாங்கித் தின்ன வீட்டுல கேட்கல.

நான் சொல்ல வந்தது இது ஒண்ணுதான். அச்சுக்கு முன்னாடி நாம கேட்காம விட்டதுதான் அச்சுக்கு அப்புறம் விமர்சனமா திரும்பி வருது. பதிப்பகத்துல புத்தகம் போட்டா எடிட்டர்னு ஒருத்தர் நடுவுல உக்காந்து கேட்டிருப்பார். "இந்த ஆள் செத்துட்டானே, எப்படிய்யா போன் பண்றான்?" நமக்கு அவர் இல்ல. அதனால அந்த வேலையை வாசகர் பண்றார், அதுவும் காசு குடுத்து வாங்கிட்டுப் பண்றார். அவர்மேல கோவப்படறது, சம்பளம் வாங்காம நமக்கு வேலை பார்க்கிறவரை வாசல்லயே நிக்க வெச்சுத் திட்டற மாதிரி.

இப்ப நான் என்ன பண்றேன்னு சொல்றேன், வேணும்னா எடுத்துக்கோங்க. (இதுவும் யோசனைதான், என் மெஷினுக்கு. ஹி ஹி.)

அச்சுக்கு முன்னாடி மூணு பேர்கிட்ட குடுக்கறேன். ஒருத்தர் தமிழ் நல்லா தெரிஞ்சவர், பிழை திருத்தத்துக்குக் காசு குடுத்தே. ஒருத்தர் கதையில வர்ற வாழ்க்கையை வாழ்ந்தவர். இன்னொருத்தர் என்மேல பெரிய பிரியம் இல்லாதவர். அட்டைக்கு செலவு பண்ணதுல பாதியை முதல் ஆளுக்கு செலவு பண்ணியிருந்தா எழுபது ஒற்றுப்பிழை நூறு காப்பில ஏறியிருக்காது.

விமர்சனம் வந்தா, "படிச்சேன், நன்றி"ன்னு மட்டும் அன்னிக்கே எழுதறேன். மிச்சம் ரெண்டு வாரம் கழிச்சுத்தான். அதுக்குள்ள காது மடல் ஆறிடும். அப்புறம் அப்பாவோட மூணு தட்டு. செத்தவன் போன் பண்ற மாதிரியான பிழைன்னா விவாதமே இல்ல, உடனே திருத்தம். ரெண்டு மூணு பேர் ஒரே இடத்துல தடுக்கினா, ரீவொர்க். அவங்க சொன்ன மாதிரி இல்ல, எனக்குத் தெரிஞ்ச மாதிரி. ரீல்ஸ், எண் கணிதம் எல்லாம் மூணாவது தட்டு.

கிண்டில்ல ஒருத்தர் ஒரு ஸ்டார் போட்டு "போர்"னு ஒரே வார்த்தை எழுதியிருக்கார். அதுல கோடு எதுவும் இல்ல, அதனால திருத்த எதுவும் இல்ல. ஆனா அது அவர் உரிமை, காசு குடுத்திருக்கார். இன்னொண்ணையும் சொல்லிடறேன். "சூப்பர் தலைவா, பின்னிட்டீங்க"ங்கிறதும் அதே ரகம்தான். அதுலயும் கோடு கிடையாது. நாம ஒருத்தருக்கொருத்தர் அதைத்தான் அதிகமா சொல்லிக்கிறோம், நானும் சேர்த்துதான். அடுத்த தடவை என் கதையைப் படிச்சா பக்க எண் போட்டுத் திட்டுங்க.

போன மாசம் இரண்டாம் பதிப்பு கொண்டு வந்தேன். ஐம்பதே காப்பி. குழாயடிக் கதையை எழுதறதுக்கு முன்னாடி அக்கா வீட்டுக்குப் போய் ரெண்டு மணி நேரம் உக்காந்து கேட்டேன். இதை எழுதலாமான்னும் கேட்டேன், அதை முதல் தடவையே கேட்டிருக்கணும். அன்னிக்கு அவங்க ஷிப்ட் முடிச்சு வந்து, ராத்திரி பதினொரு மணிக்குப் பையனுக்கு யூனிபார்ம் துவைச்சுக் காயப் போட்டாங்களாம். மறுநாள் ஸ்கூல் இருந்ததாம். இப்ப கதையில குழாயடி இல்ல, யாரும் அழல. நாலு பேர் பாராட்டின வரி போயிடுச்சு. போனா போகட்டும்.

பூந்தமல்லி ஐயாவுக்கு ஒரு காப்பி பதிவுத் தபால்ல அனுப்பினேன். கூட ஒரு பக்கக் கடிதம். நீங்க சொன்னதுல இதெல்லாம் திருத்திட்டேன், இந்த ரெண்டு இடத்துல மட்டும் எனக்கு உடன்பாடு இல்ல, அப்படியே விட்டிருக்கேன், அன்னிக்கு எழுதின பதிலுக்கு மன்னிச்சுக்கோங்க, அவ்வளவுதான்.

இன்னும் பதில் வரல. தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் மெயிலைத்தான் முதல்ல பார்க்கிறேன்.

பி.கு: இந்தப் பதிவுலயும் ஒற்றுப்பிழை இருக்கும். வரி எண்ணோட சொல்லுங்க மக்கா, சண்டைக்கு வரமாட்டேன். சத்தியமா.